கூப்பிட்டப்போ வரலை... கூப்பிடாதப்போ வந்தாங்க!

வியட்நாம் என்றதும் உங்க மனசுக்குள்ள என்ன ஓடும்? தடதடவென இறங்கும் ஹெலிகாப்டர், பற்றி எரியும் காடு, தோளில் தோட்டா மாலையோடு ராம்போ... ஹாலிவுட் நமக்குப் பாடம் எடுத்த வியட்நாம் அவ்வளவுதான். அந்தப் படங்களில் கதை எப்போதும் அமெரிக்கச் சிப்பாய் போய் இறங்கும் இடத்தில்தான் தொடங்கும். அவன் ஏன் அங்கே போனான் என்று கேட்டால், ‘கம்யூனிசத்தைத் தடுக்க’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த குண்டைப் போடப் போய்விடுவார்கள்.

ஆனா, இதே அமெரிக்கர்கள் 1945-ல் வியட்நாம் காட்டுக்குள் பாராசூட்டில் குதித்தது ஹோ சி மின்னைச் சுட அல்ல. அவருடைய ஆட்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்க! அவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது மருந்து கொடுத்ததும் அவர்கள்தான்.

நம்ப முடியலைல்ல? அங்கேதான் இருக்கு மேட்டர். விடுதலை கேட்ட ஒரு சின்ன நாட்டுக்குள் பிரான்ஸ், ஜப்பான், சீனா, பிரிட்டன், அமெரிக்கா, ரஷ்யா என்று பெரிய தலைகள் எல்லாம் வரிசையாக நுழைந்த கதை இது. ஒருத்தர்கூட வியட்நாமுக்காக வரவில்லை. ஒவ்வொருத்தருக்கும் வேறு எங்கேயோ ஒரு கணக்கு இருந்தது. நடுவில் நம்ம நாட்டுச் சிப்பாய்களுக்கும் ஒரு ரோல் உண்டு, அதுவும் அவ்வளவு பெருமைப்படுகிற ரோல் இல்லை.

பாரிஸில் ஒரு மனு

முதல் விருந்தாளி பிரான்ஸ். 1858-ல் டூரான் என்ற துறைமுகத்தில் பிரெஞ்சுப் படை வந்து இறங்கியது. கூடவே ஸ்பெயின் படையும். கிறிஸ்தவப் பாதிரியார்களை வியட்நாம் மன்னர் கொல்கிறார், அதைத் தட்டிக் கேட்க வந்தோம் என்றார்கள். அந்தப் புகார் பொய் இல்லை. ஆனா, தட்டிக் கேட்க வந்தவர்கள் அடுத்த வருஷமே சைகோனைப் பிடித்து, 1862-ல் மூன்று மாகாணங்களை எழுதி வாங்கி, 1884-க்குள் மொத்த நாட்டையும் சுருட்டிவிட்டார்கள். 1887-ல் கம்போடியாவையும் சேர்த்து ‘இந்தோசீனா’ என்று போர்டு மாட்டியாச்சு. டூரான் என்ற பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

அரிசி, ரப்பர், நிலக்கரி எல்லாம் கப்பலேறியது. உப்பும் சாராயமும் அபினும் அரசாங்கத்தின் ஏகபோகம். உப்புக்கு வரி போட்டால் என்ன ஆகும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

1911-ல் சைகோன் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஒரு பிரெஞ்சுக் கப்பலில் சமையல் உதவியாளாக 21 வயசுப் பையன் ஒருவன் ஏறினான். உலகத்தைச் சுற்றிவிட்டு பாரிஸ் வந்து சேர்ந்தான். 1919-ல் முதல் உலகப் போர் முடிந்து, வெர்சாய் மாநாட்டுக்கு உலகத் தலைவர்கள் எல்லாம் பாரிஸில் குவிந்திருந்த நேரம். ஒவ்வொரு மக்களும் தங்கள் தலைவிதியைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் வில்சன் பேசியது எல்லாப் பத்திரிகையிலும் வந்திருந்தது. பாரிஸில் இருந்த வியட்நாமியர்கள் சேர்ந்து எட்டு கோரிக்கைகளோடு ஒரு மனு தயாரித்தார்கள். கீழே நுயென் ஐ குவோக் என்ற கையெழுத்து. ‘தேசபக்தன் நுயென்’ என்று அர்த்தம். அந்தப் புனைபெயரைத் தனதாக்கிக்கொண்டவன்தான் நம்ம கப்பல் பையன், பின்னாளில் ஹோ சி மின்.

அந்த எட்டு கோரிக்கையில் முழு விடுதலை என்ற வார்த்தையே இல்லை. பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை, அரசியல் கைதிகள் விடுதலை, கண்ட கண்ட உத்தரவுகளுக்குப் பதில் முறையான சட்டம்... அவ்வளவுதான். படு சாதுவான மனு. ஆனா யாரும் கண்டுகொள்ளவில்லை. பிரெஞ்சு போலீஸ் மட்டும் கையெழுத்துப் போட்டது யார் என்று தேட ஆரம்பித்தது!

காலனி நாடுகளைப் பற்றிப் பேசத் தயாராக இருந்தது அப்போது மாஸ்கோதான். 1920-ல் பிரெஞ்சு கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோது ஹோ அதில் சேர்ந்தார். லெனின் காலனிகளைப் பற்றி எழுதியதைப் படித்துத்தான் தான் இந்தப் பக்கம் வந்ததாகப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். வெர்சாயில் கதவு திறந்திருந்தால் வேறு பாதையில் போயிருப்பாரா? ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்டில் இன்னும் ஓயாத சண்டை அது.

டோக்கியோ போட்ட ரூட்

1940 ஜூனில் ஹிட்லரிடம் பிரான்ஸ் சரண்டர். தாய்வீடே போனபின் இந்தோசீனாவில் இருந்த பிரெஞ்சு அதிகாரிகளுக்குப் பலம் ஏது? ஜப்பான் வந்து கதவைத் தட்டியது. அதற்கும் வியட்நாம் மேல் தனிப் பிரியம் எல்லாம் இல்லை. சீனாவோடு நடந்த சண்டையில் சீனாவுக்கு ஹைபோங் துறைமுகம் வழியாக ரயிலில் சரக்கு போய்க்கொண்டிருந்தது. அதை அடைக்க வேண்டும். 1940 செப்டம்பரில் வடக்கே புகுந்தது, 1941 ஜூலையில் தெற்கேயும் புகுந்தது.

இந்த இரண்டாவது அடிதான் உலகத்தையே புரட்டிப் போட்டது. தெற்கு வியட்நாமில் ஜப்பான் உட்கார்ந்தால் மலேயாவும் டச்சு இந்தியத் தீவுகளின் எண்ணெயும் கைக்கெட்டும் தூரம். உடனே அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கி, எண்ணெய் விற்பனையை நிறுத்தியது. எண்ணெய் இல்லாத ஜப்பான் டிசம்பர் மாதம் பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டது. அமெரிக்கா உலகப் போரில் குதிக்க வைத்த சங்கிலியில் வியட்நாமும் ஒரு கண்ணி. இது நிறைய பேருக்குத் தெரியாது.

வியட்நாமியர்களுக்கு இப்போ டபுள் முதலாளி. நிர்வாகம் பிரெஞ்சுக்காரன் கையில், அதட்டல் ஜப்பான்காரனுடையது. நெல்லைக் கட்டாயமாகப் பறித்தார்கள். நெல் விளைந்த நிலத்தில் சணல் போடச் சொன்னார்கள். தெற்கிலிருந்து வடக்குக்கு அரிசி வரும் பாதைகளை அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு உடைத்தன. இதோடு வெள்ளமும் சேர்ந்தது. 1944-45 பஞ்சத்தில் வடக்கு வியட்நாமில் செத்தவர்கள் குறைந்தபட்சக் கணக்கிலேயே சில லட்சம். 20 லட்சம் என்றார் ஹோ. இதே சமயத்தில் வங்காளத்தில் நம்ம மக்கள் பட்ட பாடு ஞாபகம் வருதா? அந்தப் பஞ்சத்தில் ஹோவின் ‘வியட் மின்’ இயக்கம் தானியக் கிடங்குகளை உடைத்து மக்களுக்கு நெல்லைக் கொடுத்தது. எந்த மேடைப் பேச்சைவிடவும் அதுதான் அவர்களை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஒரு போட்டோ, ஆறு பிஸ்டல்

இப்போ 1945. இந்த ஒரு வருஷத்தில் நின்று நிதானமாகப் பார்க்கணும், பின்னால் நடந்த எல்லாத்துக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

வியட்நாம் மேல் பறந்து ஜப்பானைத் தாக்கிய அமெரிக்க விமானி ஒருவர் 1944 கடைசியில் கீழே விழுந்தார். வியட் மின் ஆட்கள் அவரைக் காப்பாற்றினார்கள். இதைச் சாக்காக வைத்து ஹோ சீனாவின் குன்மிங் நகருக்குப் போய், 1945 மார்ச்சில் அமெரிக்க விமானப்படைத் தளபதி ஷென்னால்ட்டைச் சந்தித்தார். அவர் அங்கே கேட்டது ஒரே ஒரு பரிசு. ஜெனரலின் கையெழுத்துப் போட்ட போட்டோ! கூடவே வேறொரு அமெரிக்க அதிகாரியிடம் ஆறு புத்தம்புது கோல்ட் பிஸ்டல்களும் வாங்கிக்கொண்டார்.

எதுக்கு? ஊருக்குத் திரும்பி மற்ற விடுதலை இயக்கத் தலைவர்களிடம் போட்டோவைக் காட்டி, ஆளுக்கொரு பிஸ்டலைக் கொடுத்தால் போதும். ‘அமெரிக்காவே இவர் பக்கம்’ என்று பேச்சு பரவிவிடும். மனுஷன் பிஆர் வேலையில் கில்லாடி!

ஜூலையில் ஓஎஸ்எஸ் என்ற அமெரிக்க உளவுப் படையின் ‘மான் குழு’ பாராசூட்டில் வந்து இறங்கியது. இந்த ஓஎஸ்எஸ்தான் பிற்பாடு வந்த சிஐஏவுக்கு முன்னோடி. மேஜர் அலிசன் தாமஸ் தலைமையில் வந்தவர்கள் பார்த்தது, எலும்பும் தோலுமாக ஒரு குடிசையில் நடுங்கிக்கொண்டிருந்த ஹோவை. குழுவின் மருத்துவ உதவியாளர் பால் ஹோக்லண்ட் கொய்னாவும் சல்ஃபா மாத்திரையும் கொடுத்தார். அந்த மாத்திரைதான் உயிரைக் காப்பாற்றியதா என்று இன்றும் பட்டிமன்றம் நடக்கிறது. எப்படியோ, ஆள் எழுந்து உட்கார்ந்தார். பள்ளி வாத்தியாராக இருந்து படைத்தலைவரான வோ நுயென் கியாப்பின் வீரர்களுக்கு அமெரிக்கர்கள் கையெறி குண்டு வீசக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. மார்ச்சிலேயே பிரெஞ்சு நிர்வாகத்தை ஜப்பான் கலைத்து ஜெயிலில் போட்டிருந்ததால், நாற்காலி காலி! ஒரு சில வாரத்தில் ஹனோய் வியட் மின் கையில். செப்டம்பர் 2, பா தின் சதுக்கத்தில் லட்சக்கணக்கான மக்கள் முன்னால் ஹோ விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார். தொடக்கமே 1776-ன் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்திலிருந்து எடுத்தது! அதற்கு முன் ஓஎஸ்எஸ் அதிகாரி ஆர்க்கிமிடிஸ் பாட்டியைக் கூப்பிட்டு வரைவைக் காட்டி, சரிதானா என்று கேட்டிருந்தார்.

இது வெறும் காக்கா பிடிக்கும் வேலையா, நிஜமான நம்பிக்கையா? என் பார்வையில் ரெண்டும்தான். உலகத்திலேயே பலமான நாடு தன் சொந்த வார்த்தையை மறுக்காது என்று ஒரு கணக்கு.

கணக்கு தப்பவில்லை, ஆள் மாறிவிட்டார். இந்தோசீனாவை பிரான்ஸிடம் திரும்பக் கொடுக்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-ல் இறந்துபோனார். அடுத்து வந்த ட்ரூமனுக்கு வியட்நாம் ஒரு தூரத்துப் புள்ளி, ஐரோப்பாதான் தலைவலி. பிரான்ஸின் டிகால், மார்ச்சிலேயே அமெரிக்கத் தூதரிடம் மிரட்டலாகவே சொல்லிவிட்டார்: நீங்க எங்களைக் கைவிட்டால் நாங்க ரஷ்யாவின் மடியில் போய் விழ வேண்டியிருக்கும் என்று. பாரிஸைக் காப்பாற்ற ஹனோயை விட்டுக்கொடுப்பது வாஷிங்டனுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

1945 அக்டோபரிலிருந்து 1946 பிப்ரவரிக்குள் ஹோ அமெரிக்காவுக்கு அனுப்பிய கடிதமும் தந்தியுமாகக் குறைந்தது எட்டு. பிலிப்பைன்ஸுக்குக் கொடுக்கப்போகிற சுதந்திரத்தைப் போல எங்களுக்கும் வழி செய்யுங்கள் என்பதுதான் சாரம். ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஃபைலில் கட்டி வைத்தார்கள்.

சைகோனில் நம்ம சிப்பாய்

சரி, தோற்ற ஜப்பான் வீரர்களிடமிருந்து ஆயுதத்தை வாங்கி ஊருக்கு அனுப்புவது யார்? 1945 ஜூலையில் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் கூடிய தலைவர்கள் வரைபடத்தை விரித்தார்கள். 16-வது அட்சரேகைக்கு வடக்கே சீனப்படை, தெற்கே பிரிட்டிஷ் படை என்று முடிவு. வியட்நாமியர்களை யாரும் கேட்கவில்லை.

பிரிட்டிஷ் படை என்றால் யார் தெரியுமா? இந்தியர்கள்! பர்மாவில் போரிட்டு முடித்த 20-வது இந்திய டிவிஷன். தலைவர் ஜெனரல் டக்ளஸ் கிரேஸி. செப்டம்பர் 13-ல் அவர் சைகோனில் இறங்கியபோது வியட் மின் பிரதிநிதிகள் வரவேற்க வந்து நின்றார்கள். அவர்களை விரட்டிவிட்டதாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். ஜப்பான்காரர்களை நிராயுதபாணியாக்கு என்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அவரோ ராணுவச் சட்டம் போட்டு, பத்திரிகைகளை மூடி, ஜெயிலில் கிடந்த பிரெஞ்சு வீரர்களை வெளியே விட்டு அவர்கள் கையில் துப்பாக்கி கொடுத்தார். செப்டம்பர் 23 விடிவதற்குள் சைகோனின் அரசு கட்டடங்களில் மறுபடி பிரெஞ்சுக் கொடி. அடுத்த ரெண்டு நாளில் ஊர் ரத்தக்களரி. ஒரு குடியிருப்பில் புகுந்த கும்பல் பெண்கள், குழந்தைகள் உட்பட பிரெஞ்சுக் குடும்பங்களை வெட்டிச் சாய்த்தது.

இன்னொரு கொடுமையும் உண்டு. கைவசம் ஆள் போதாததால், எந்த ஜப்பான் சிப்பாய்களிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்க வந்தாரோ அவர்களையே கிரேஸி வியட் மின்னுக்கு எதிராகச் சண்டைக்கு அனுப்பினார்! நேற்றுவரை பர்மாவில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த இந்தியச் சிப்பாயும் ஜப்பான் சிப்பாயும் இப்போ ஒரே பக்கம். எதிரே விடுதலை கேட்டவர்கள்.

பிரிட்டன் ஏன் இவ்வளவு அக்கறை காட்டியது? பிரான்ஸின் காலனி கைவிட்டுப் போனால் அடுத்து மலேயா, பர்மா, இந்தியா என்ற பயம்தான். பக்கத்து வீட்டுச் சுவர் இடிந்தால் நம்ம சுவரும் சரியும் என்ற லாஜிக்.

சைகோன் என்ற பேர் நம்ம பாண்டிச்சேரி பெரியவர்களுக்குப் புதுசு இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற பாண்டித் தமிழர்கள் 19-ம் நூற்றாண்டிலிருந்தே அங்கே போலீஸ், வரி வசூல், கோர்ட் வேலைகளில் இருந்தார்கள். நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். நகரத்து நடுவில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. நேதாஜி கடைசியாக விமானம் ஏறியதும் அதே சைகோனில்தான், 1945 ஆகஸ்ட் 17. அவர் போய் ஒரு மாதம்கூட ஆகாமல், பிரிட்டிஷ் சீருடையில் இந்தியச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். சொந்த நாட்டுக்கே விடுதலை கிடைக்காதவர்கள், அடுத்த நாட்டு விடுதலையை அடக்க! இந்தியப் படையை இப்படிப் பயன்படுத்துவது நமக்கு அவமானம் என்று நேரு வெளிப்படையாகக் கொதித்தார். 1946 தொடக்கத்தில் கிரேஸி மூட்டை கட்டிவிட்டார். ஆனா அதற்குள் தெற்கு பிரான்ஸ் கையில் போய்விட்டது.

இந்தக் களேபரத்தில்தான் முதல் அமெரிக்கர் செத்தார். ஓஎஸ்எஸ் லெப்டினென்ட் கர்னல் பீட்டர் டூயி, வயது 28. வியட் மின்னோடு பேசுகிறார் என்பதற்காக அவரை வெளியேறச் சொல்லியிருந்தார் கிரேஸி. அமெரிக்கக் கொடியை ஜீப்பில் கட்டிக்கொள்ளவும் அனுமதி இல்லை, அது ஜெனரல்களுக்கு மட்டும்தானாம். பிரிட்டனும் பிரான்ஸும் இங்கே முடிந்து போனவர்கள், நாம் தென்கிழக்கு ஆசியாவை விட்டே கிளம்பிவிடணும் என்ற பொருளில் ரிப்போர்ட் எழுதி வைத்திருந்தார் டூயி. செப்டம்பர் 26, அவர் கிளம்ப வேண்டிய விமானம் லேட். சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று ஜீப்பைத் திருப்பினார். வழியில் வியட் மின் தடுப்பு. பிரெஞ்சு மொழியில் ஏதோ கத்தினார். பிரெஞ்சு அதிகாரி என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். கொடி இருந்திருந்தால்..? ஹோ வருத்தம் தெரிவித்துச் செய்தி அனுப்பினார். உடல் கிடைக்கவே இல்லை.

வடக்கே வேறு கூத்து

வடக்கில் லூ ஹான் தலைமையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சீன வீரர்கள் வந்து இறங்கினார்கள். இது மாவோவின் சீனா இல்லை, அவருடைய எதிரி சியாங் கை ஷேக்கின் சீனா. பஞ்சத்தில் செத்துப் பிழைத்த ஊரில் இவ்வளவு வாய்க்குச் சோறு போடணும். சியாங்குக்கு இந்தப் படை ஒரு துருப்புச் சீட்டு. அதைக் காட்டி 1946 பிப்ரவரியில், சீனாவுக்குள் பிரான்ஸ் வைத்திருந்த சலுகைகளை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, ‘நாங்க கிளம்பறோம், நீங்க வாங்க’ என்று வழிவிட்டார்.

மார்ச் 6-ல் ஹோ பிரான்ஸோடு ஒரு ஒப்பந்தம் போட்டார். வியட்நாம் பிரெஞ்சு ஒன்றியத்துக்குள் ஒரு ‘சுதந்திர அரசு’, பதிலுக்குப் பிரெஞ்சுப் படை வடக்கே வரலாம். தோழர்களே துரோகம் என்று திட்டினார்கள். சீனாக்காரன் கடைசியாக வந்தபோது ஆயிரம் வருஷம் தங்கிவிட்டான், வெள்ளைக்காரன் காலமோ முடியப்போகிறது என்கிற ரீதியில், அச்சில் ஏற்ற முடியாத ஒரு உவமையோடு ஹோ பதில் சொன்னார் என்று ஒரு கதை உண்டு.

அந்தக் கோடையில் பிரான்ஸுக்கே போய்ப் பேசினார். அவர் விமானத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே பிரெஞ்சு ஹை கமிஷனர் தெற்கைத் தனிக் குடியரசு என்று அறிவித்தார். நவம்பரில் ஹைபோங் நகரத்தின் மேல் பிரெஞ்சுப் போர்க்கப்பல் குண்டு பொழிந்தது. டிசம்பர் 19-ல் ஹனோயில் போர்.

இந்த நேரத்தில் ரஷ்யா எங்கே? எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1950 வரை ஸ்டாலின் ஹோவின் அரசை அங்கீகரிக்கவே இல்லை. பிரான்ஸில் அப்போது கம்யூனிஸ்ட்டுகளும் ஆட்சிக் கூட்டணியில் இருந்தார்கள், அவர்கள் ஜெயிப்பதுதான் ஸ்டாலினுக்கு முக்கியம். ஆக, மாஸ்கோ ஆட்டி வைத்த பொம்மை என்று அமெரிக்கா முத்திரை குத்திய மனுஷன், முதல் நாலு வருஷம் யார் துணையும் இல்லாமல்தான் சண்டை போட்டார்.

லேபிள் மாறிய வருஷம்

1949 அக்டோபர் 1. பீஜிங்கில் மாவோ ஆட்சி. வியட்நாமின் வடக்கு எல்லையில் திடீரென்று ஒரு நண்பன்! 1950 ஜனவரியில் சீனாவும், அதே மாதம் ரஷ்யாவும் ஹோவின் அரசை அங்கீகரித்தன. மாஸ்கோ போன ஹோவிடம், உதவி வேண்டுமானால் சீனாவிடம் கேட்டுக்கொள் என்ற ரீதியில் கைகாட்டிவிட்டார் ஸ்டாலின். பிப்ரவரியில் பிரான்ஸ் உட்கார வைத்த பாவோ தாய் அரசை அமெரிக்கா அங்கீகரித்தது. மே மாதம் பிரான்ஸுக்கு உதவி என்று அறிவிப்பு. ஜூனில் கொரியாவில் போர் வெடித்தது, அதற்குப் பிறகு யோசிக்கவே நேரமில்லை.

கவனிங்க, வியட்நாமுக்குள் எதுவும் மாறவில்லை. அதே பிரெஞ்சுக்காரன், அதே விவசாயி, அதே கோரிக்கை. வெளியே மட்டும் லேபிள் மாறிவிட்டது. நேற்று ‘காலனிப் போர்’, இன்று ‘கம்யூனிசத்துக்கு எதிரான போர்’. பிரான்ஸ் இந்த லேபிளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, பில் கட்ட ஆள் கிடைத்தாச்சே! 1954 வாக்கில் போர்ச் செலவில் முக்கால் பங்குக்கும் மேல் அமெரிக்கப் பணம்.

சண்டை போட்டதும் பெரும்பாலும் பிரெஞ்சு இளைஞர்கள் இல்லை. கட்டாய ராணுவ சேவையில் சேர்ந்தவர்களை இந்தோசீனாவுக்கு அனுப்பக்கூடாது என்று சட்டமே இருந்தது. அதனால் மொராக்கோ, அல்ஜீரியா, செனகல் வீரர்களும், ஜெர்மானியர்கள் நிறைந்த வெளிநாட்டுப் படையும், வியட்நாமியர்களுமே முன்வரிசையில் நின்றார்கள். ஒரு காலனியை அடக்க இன்னொரு காலனிக்காரன். நம்ம 20-வது டிவிஷன் கதையேதான்.

தியன் பியன் ஃபூ பள்ளத்தாக்கில் 1954 மார்ச் 13-ல் தொடங்கிய முற்றுகை மே 7-ல் முடிந்தது. சுற்றியிருந்த மலைகளின் மேல் பீரங்கிகளைக் கையால் இழுத்து ஏற்றியிருந்தார் கியாப். அந்த 105 மி.மீ. பீரங்கிகள் சீனா கொடுத்தவை. அதில் பல ஒரிஜினலாக அமெரிக்கத் தயாரிப்பு, சியாங் கை ஷேக்குக்கு அமெரிக்கா கொடுத்து, மாவோ படை பிடுங்கியவை! பள்ளத்தாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்ததும் அமெரிக்கப் பீரங்கிதான். ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனி குண்டு.

முற்றுகையை உடைக்க அமெரிக்க விமானங்கள் வந்து குண்டு போட வேண்டும் என்று பிரான்ஸ் கெஞ்சியது. அதிபர் ஐசன்ஹோவர் ‘ஒரு டாமினோ விழுந்தால் எல்லாம் விழும்’ என்று பேசினாரே தவிர, பிரிட்டன் சேராமல் இறங்கத் தயாராக இல்லை. சர்ச்சில் முடியாது என்றுவிட்டார். 1945-ல் கதவைத் திறந்துவிட்ட அதே பிரிட்டன்!

ஜெனீவாவில் போட்ட கோடு

தியன் பியன் ஃபூ விழுந்த மறுநாளே ஜெனீவாவில் பேச்சு தொடங்கியது. ஜெயித்தவர்கள் முழு நாட்டையும் கேட்பார்கள்தானே? அவர்கள் முதுகைத் தட்டி ‘கொஞ்சம் விட்டுக்கொடு’ என்று சொன்னவர்கள் எதிரிகள் இல்லை, நண்பர்கள். சீனாவின் சூ என்லாய்க்கு எல்லையில் அமெரிக்க ராணுவம் வராமல் இருந்தால் போதும், கொரியாவில் பட்ட காயமே ஆறவில்லை. ரஷ்யாவின் மோலோடோவுக்கு ஐரோப்பாவில் பிரான்ஸ் தங்களுக்கு எதிரான ராணுவக் கூட்டில் சேரக்கூடாது. 13-வது ரேகையில் பிரிக்கலாம், ஆறே மாதத்தில் தேர்தல் என்று கேட்ட வியட் மின்னுக்குக் கிடைத்தது 17-வது ரேகையும், 1956 ஜூலையில் தேர்தல் என்ற வாக்குறுதியும்.

கோடு தற்காலிகம்தான், எல்லை அல்ல என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அதைக் கண்காணிக்கும் குழுவில் கனடா, போலந்து, தலைமை இந்தியா. இந்த முறை நாம் போனது துப்பாக்கியோடு அல்ல, நோட்டுப் புத்தகத்தோடு. புகார் எழுதலாம், தடுக்க அதிகாரம் இல்லை.

தேர்தல் நடக்கவே இல்லை. தெற்கில் அமெரிக்க ஆதரவோடு வந்த நோ தின் தியம், நாங்க கையெழுத்துப் போடாத ஒப்பந்தம் எங்களைக் கட்டாது என்றார். அமெரிக்காவும் போடவில்லை. 1954-ல் சண்டை நடந்த சமயத்தில் தேர்தல் வைத்திருந்தால் 80 சதவிகிதம் பேர் ஹோவுக்குத்தான் வாக்களித்திருக்கக் கூடும் என்று ஐசன்ஹோவரே பிற்பாடு எழுதினார். நேர்மையான மனுஷன், கொஞ்சம் லேட்!

அதற்குப் பிறகு எல்லாம் படிப்படியாக. முதலில் டாலர், அப்புறம் ஆலோசகர்கள். 1963 முடிவில் ஆலோசகர்களே சுமார் 16,000 பேர். அந்த நவம்பரில் அமெரிக்காவின் மறைமுகச் சம்மதத்தோடு நடந்த ராணுவப் புரட்சியில் தியம் கொல்லப்பட்டார். 1964 ஆகஸ்ட் 4-ல் டோங்கின் வளைகுடாவில் தங்கள் கப்பல்களை வடக்கு வியட்நாம் தாக்கியது என்றது அமெரிக்கா. ஆகஸ்ட் 2-ல் நடந்த தாக்குதல் நிஜம், 4-ம் தேதி தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனா அதை வைத்து அதிபர் ஜான்சனுக்கு முழு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் கீழ்சபையில் 416-0, செனட்டில் 88-2 என்று நிறைவேறியிருந்தது. எட்டு கடிதத்துக்குப் பதில் போட 1946-ல் நேரமில்லாத ஊர், மூன்றே நாளில் போருக்கு வாக்களித்தது.

1965 மார்ச் 8-ல் முதல் மரீன் படை வியட்நாம் கடற்கரையில் இறங்கியது. மாலை போட்டு வரவேற்றார்கள் பள்ளி மாணவிகள். இடம் தா நாங். 1858-ல் பிரெஞ்சுக்காரன் இறங்கிய டூரானின் வியட்நாமியப் பெயர்தான் அது! அப்புறம் தென் கொரியா மொத்தம் சுமார் 3,20,000 பேரை அனுப்பியது, ஆஸ்திரேலியாவும் தாய்லாந்தும் வந்தன. அந்தப் பக்கம் ரயில்பாதை போடவும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை இயக்கவும் சீனா அனுப்பியதும் ஏறக்குறைய அதே 3,20,000. ரஷ்யாவிலிருந்து ஏவுகணைகள் வந்தன. இதற்கு மேல்தான் நீங்க பார்த்த ஹாலிவுட் படங்கள் தொடங்குகின்றன.

வாஷிங்டனில் 1982-ல் கட்டிய வியட்நாம் நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அதில் பீட்டர் டூயியின் பெயர் இல்லை. அமெரிக்க அரசின் கணக்கில் இந்தப் போர் 1955 நவம்பர் 1-ல்தான் தொடங்குகிறது. அவர் பத்து வருஷம் முன்னாடியே செத்துவிட்டார்.